கரை மரமும் ஓடை மீனும்

நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அப்பால் அவலாஞ்சி என்றோர் இடம் உண்டு. 1907-ஆம் ஆண்டில் வில்சன் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஒரு மீன் பொரிப்பகத்தை நிறுவினார். டிரவுட் என்னும் மீனினத்தின் குஞ்சுகளை அங்கு பொரிக்கச் செய்து மலை ஓடைகளில் விடுவது அவருடைய நோக்கம். தம் நாட்டில் தூண்டிலிட்டு மகிழ்ந்த மீனை இம்மலைகளிலும் பிடிக்க வேண்டும் என்று இங்கு வாழ்ந்த வெள்ளையர் விரும்பியதே இம்முயற்சிக்கு அடிப்படை. அவ்வாறு கொண்டுவரப்பட்டவற்றுள் இங்கு நன்கு வேரூன்றியது வானவில் டிரவுட் எனப்படும் மீன். அதன் தாயகம் இங்கிலாந்தன்று. பசிபிக் மாகடலின் வட பகுதியை ஒட்டிய குளிர்ந்த ஓடைகளே அதன் பிறந்தகம்.

அம்மீனை மலையில் விட்டவர்கள் சமவெளியில் ஏன் விடவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நம்மூர்க் கெளுத்தியும் விராலும் சித்திரை வெயிலில் கொதிக்கும் குளத்து நீரிலும் உயிர் தரித்திருக்கும். விரால் மேலே வந்து வாயால் காற்றையே குடித்துவிட்டுப் போகும். டிரவுட்டுக்கு அந்தத் திறமை இல்லை. நீர் குளிர்ந்திருக்க வேண்டும்; தெளிந்திருக்க வேண்டும்; பிராணவாயு அதில் நிறைந்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வாடும்.

ஓர் ஓடையின் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எது? மலையின் உயரம் என்போம், ஊற்றுநீர் என்போம். இரண்டும் உண்மையே. ஆனால் கரையில் ஓசையின்றி நிற்கும் மரங்களை நம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைக் கணக்கில் சேர்க்கும்படி உலகுக்குக் கற்பித்தது, வானவில் டிரவுட்டின் பிறந்தகமான பசிபிக் கரையில் நடந்த ஓர் ஆய்வு. அதற்காக ஓர் ஓடையையே பலியிட வேண்டியிருந்தது.

மூன்று ஓடைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில், பசிபிக் கடலைப் பார்த்தபடி அமைந்திருப்பது ஒரிகன் மாநிலம். கடற்கரைக்கு இணையாகச் செல்லும் அதன் மலைத்தொடரில் மழைக்குக் குறைவில்லை. டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரங்கள் அங்கே இருநூறு அடிக்கு மேலும் வளர்ந்து நிற்கும். ஓடையோரங்களில் ஆல்டர் என்னும் அகன்ற இலை மரம் அடர்ந்திருக்கும்.

மலையில் மரம் வெட்டுதலும் கடலில் மீன் பிடித்தலும் அப்பகுதி மக்களின் பரம்பரைப் பிழைப்புகள். இவ்விரண்டையும் இணைப்பது கோஹோ சால்மன் என்னும் மீன். அது மலையோடையின் சரளைக்கல்லுக்கடியில் முட்டையிலிருந்து வெளிவந்து, சுமார் ஓராண்டு அவ்வோடையிலேயே வளர்ந்து, பின்னர் கடலுக்குச் சென்று கொழுத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து அங்கேயே மடிகிறது. ஆகவே மலையில் ஒருவர் செய்யும் தொழில் கடலில் மற்றொருவர் விரிக்கும் வலையைப் பாதிக்குமா என்னும் கேள்வி அங்கே நெடுநாளாக இருந்துவந்தது. மரம் வெட்டுவோர் இல்லை என்றனர். மீனவர் உண்டு என்றனர். இரு தரப்பிலும் சான்று மட்டும் இல்லை.

சான்று தேடும் பொறுப்பை ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்களும் அரசின் மீன்வளத் துறையினரும் பிறரும் ஏற்றனர். ஆல்ஸீ ஆய்வு என்று இன்று பெயர்பெற்ற அம்முயற்சி 1950-களின் இறுதியில் தொடங்கி 1973 வரை நீடித்தது. அருகருகே உள்ள மூன்று சிற்றோடைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஃபிளின் ஓடை, டீர் ஓடை, நீடில் பிராஞ்ச் என்பன அவற்றின் பெயர்கள். கடைசிப் பெயருக்கு ஊசிக்கிளை என்று பொருள் கொள்ளலாம். மூன்றிலும் மிகச் சிறியது அதுவே.

அந்த அறிஞர்களின் பொறுமையை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. 1959 முதல் 1965 வரை ஏழு ஆண்டுகள் அவர்கள் மரவெட்டைத் தொடங்கவிடவில்லை. நீரின் அளவு, வெப்பம், கலங்கல், மீன்களின் தொகை ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டே இருந்தனர். ஓடைகள் இயல்பாக எப்படி இருந்தன என்பது தெரியாவிட்டால், பின்னர் நேரும் மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது?

1966-ஆம் ஆண்டு கோடரி உள்ளே வந்தது. ஃபிளின் ஓடையின் காடு ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்பட்டது. டீர் ஓடையின் காட்டில் திட்டுத் திட்டாக மரங்கள் வெட்டப்பட்டன. ஆனால் ஓடையின் இரு மருங்கிலும் மரமும் புதரும் கொண்ட ஒரு வரிசை காப்பாக விடப்பட்டது. நீடில் பிராஞ்சுக்கு அந்தக் கருணை காட்டப்படவில்லை. நீரின் விளிம்பு வரை மரங்கள் மொட்டையாக வெட்டப்பட்டன. எஞ்சிய கிளைகளும் சருகுகளும் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. அக்காலத்தில் அதுவே எங்கும் வழக்கமாக இருந்த முறை என்பதையும் நாம் மறத்தலாகாது.

வெட்டுண்ட கிளைகளும் தழைகளும் முதலில் ஓடைக்குள்ளேயே விழுந்து கிடந்தன. அவை அழுகத் தொடங்கியபோது நீரிலிருந்த பிராணவாயுவை விழுங்கின. பின்னர் அக்குப்பை அகற்றப்பட்டது. அப்போது ஓடையின் மேல் வானம் திறந்து கிடந்தது. அதற்கு அடுத்த கோடையில் அறிஞர்கள் குறித்த அளவைப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் ஆண்டின் உச்ச வெப்பம் 57 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்த நீர், 85 டிகிரியை எட்டியிருந்தது. செல்சியஸ் கணக்கில் 14-லிருந்து 29-க்கு மேல். நம் வீட்டில் குழந்தைக்கு உடல் சூடு இரண்டு டிகிரி ஏறினாலே நாம் துடித்துப்போகிறோம். ஓடையில் ஏறியதோ ஃபாரன்ஹீட் கணக்கில் இருபத்தெட்டு டிகிரி! சுமார் 25 டிகிரி செல்சியஸைக் கடந்தாலே டிரவுட் இன மீன்கள் நெடுநேரம் பிழைத்திருப்பது அரிது.

டீர் ஓடையிலும் மரங்கள் வெட்டப்பட்டனவே, அங்கு என்ன நேர்ந்தது? மரம் வெட்டியதால் நேர்ந்தது என்று கூறத்தக்க வெப்ப மாற்றம் எதுவும் அங்கே காணப்படவில்லை. கரையில் விடப்பட்ட அந்த மரவரிசைதான் வேறுபாட்டுக்குக் காரணம்.

நீடில் பிராஞ்சில் வாழ்ந்த கட்த்ரோட் டிரவுட் என்னும் மீன், தாடைக்கடியில் குருதிக் கீற்றுப்போன்ற சிவந்த கோடு உடையது. வெட்டுக்குப் பின் அதன் தொகை முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1973-இல் ஆய்வு முடியும்வரை அது பழைய நிலைக்கு மீளவில்லை. கோஹோ சால்மன் குஞ்சுகளுக்கோ அவ்வளவு தெளிவான வீழ்ச்சி தென்படவில்லை. கடலிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக முட்டையிட வருவோரின் தொகை ஏறி இறங்குவதால் அதன் கணக்கு எளிதில் பிடிபடுவதன்று. ஓடையை விட்டு நீங்காமல் வாழும் மீனே ஓடையின் துன்பத்தை முழுதும் சுமந்தது.

சூடு எங்கிருந்து வந்தது?

ஓடை நீர் சுடுவதற்கு வெப்பக் காற்றே காரணம் என்று பலரும் எண்ணியிருந்தனர். அந்த ஆய்வில் பங்குகொண்ட ஜார்ஜ் பிரவுன் என்பார் அது அன்று எனக் கணக்கிட்டுக் காட்டினார். நீரின்மேல் நேரே விழும் ஞாயிற்றின் கதிர்தான் முதற்காரணம். ஆழமில்லாத சிற்றோடையில் நீர் மெல்லிய தகடுபோல் பரந்து ஓடுகிறது. பெரிய அண்டாவில் உள்ள நீரைக் காட்டிலும் தட்டில் ஊற்றிய நீர் விரைவில் சூடேறுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். ஆகவே பேராறுகளைவிடச் சிற்றோடைகளே கரை மரத்தை மிகுதியும் நம்பியிருக்கின்றன. பேராற்றின் நடுவே மரநிழல் எட்டுவதில்லை. ஓடையிலோ இரு கரைக் கிளைகளும் மேலே கைகோத்துப் பந்தலிட்டுவிடுகின்றன.

ஒருமுறை சூடேறிய நீர், மீண்டும் நிழலுக்குள் புகுந்த உடனே குளிர்ந்துவிடுவதும் இல்லை. குளிர்ந்த ஊற்றோ கிளையோடையோ வந்து கலந்தால்தான் சூடு தணியும். மேலே ஒருவர் கரையை வெட்ட வெளியாக்கினால், கீழே தம் கரையைப் பேணிக் காத்தவரின் ஓடைக்கும் அந்தச் சூடே வந்துசேரும்.

இதில் மீனுக்கு இரட்டைத் துன்பம் உண்டு. 14 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 10 மில்லிகிராமுக்குச் சற்று மேலான பிராணவாயுவைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். 29 டிகிரியில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீரில் சூடு ஏற ஏற மீனின் உடல் அதிகமான பிராணவாயுவைக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து நீர் கையை விரித்துவிடுகிறது.

மீன் சாகும் அளவுக்குச் சூடு ஏறாவிட்டாலும் ஓடையின் குடிமக்கள் மாறிவிடுகின்றனர். வானவில் டிரவுட்டில் கடலுக்குச் சென்று திரும்பும் வகை ஒன்று உண்டு, ஸ்டீல்ஹெட் என்பர். அதன் குஞ்சுகளையும் ஷைனர் என்னும் கெண்டைக் குடும்பத்து மீனையும் ஒருசேரத் தொட்டியில் விட்டு, ரீவ்ஸ் முதலான ஒரிகன் ஆய்வாளர் 1987-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நீர் 12 முதல் 15 டிகிரி செல்சியஸாக இருந்தபோது ஸ்டீல்ஹெட்டின் கை ஓங்கியது. 19 முதல் 22 டிகிரியில் ஷைனர் நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டது, ஸ்டீல்ஹெட் ஒதுங்கியது. மீன் சாகும் அளவுச் சூடு அது அன்று. ஆயினும் அந்த நீர் யாருடைய ஊர் என்பது மாறிவிட்டது. ஓடையில் மீன் துள்ளுவதைக் கண்டு எல்லாம் நலமே என்று நாம் திரும்பிவிடுவோம். எந்த மீன் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

உதிர்ந்த இலையின் பயணம்

நிழல் ஒன்றுதான் மரத்தின் கொடை என்றால், ஓடையின்மேல் துணிப்பந்தல் போட்டுச் சமாளிக்கலாம். ஓடைக்கு உணவு அளிப்பதும் மரமே என்பது அடுத்த செய்தி.

அடர்ந்த காட்டோடைக்குள் வெயில் புகுவதில்லை. எனவே பாசி மிகுதியாக வளர்வதில்லை. பின் அங்கே உள்ள உயிர்கள் எதை உண்டு வாழ்கின்றன? அமெரிக்காவின் கிழக்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பேர் புரூக் என்றொரு காட்டோடை. ஃபிஷர், லைகன்ஸ் என்னும் இரு அறிஞர்கள் கடைக்காரர் வரவு செலவு எழுதுவதுபோல் அவ்வோடைக்கு வரும் உணவாற்றலையும் செல்லும் உணவாற்றலையும் கணக்கெழுதி 1973-இல் வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சுற்றியுள்ள காட்டிலிருந்தே வந்திருந்தது. ஓடை தானே விளைவித்தது ஒரு பங்குகூட இல்லை. ஓடைக்குச் சொந்த நிலம் கிடையாது. கரையின் வயலில்தான் அது உண்கிறது என்று இதனைக் கூறலாம்.

வந்து விழும் இலையை மீன் தின்பதில்லை. நீரில் ஊறிய இலையில் முதலில் பூசணமும் நுண்ணுயிர்களும் குடியேறுகின்றன. புளிக்காத மாவில் நல்ல ஆப்பம் வாராது அன்றோ? அதுபோலப் பூசணம் பிடித்து நைந்த பிறகே இலை சுவையும் சத்தும் பெறுகிறது. அப்போது கல்லடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் வந்து அதனைக் கொறிக்கின்றன. அவை சிந்தும் துகள்களை வலை பின்னிப் பிடித்து உண்ணும் புழுக்களும் கீழே காத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் மீன் உண்கிறது. ஆல்டர் இலையில் தழைச்சத்து மிகுதி, விரைவில் பதப்பட்டுவிடும். ஊசியிலைகளோ பல மாதம் ஊறிக் கிடக்கும். இருவகை மரங்களும் கரையில் கலந்து நின்றால் ஓடையின் பந்தியில் ஆண்டு முழுதும் இலை இருக்கும்.

இலை வாராவிடில் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினா மாநிலத்துக் கோவீட்டா ஆராய்ச்சி வனத்தில் வாலஸ் என்பாரும் அவர் குழுவினரும் 1993 முதல் 180 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஓடையின்மேல் வலை கட்டி இலை விழாமல் தடுத்தனர். ஓடைப் பூச்சிகள் குன்றின. அவற்றைத் தின்று வாழும் பெரிய பூச்சிகளும் குன்றின. பசி படிப்படியாக மேலேறியது.

ஜப்பானில் ஒரு பந்தல்

இதனினும் நுட்பமானதோர் ஆய்வு ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில் நடந்தது. தொமாகொமாய் என்னும் இடத்தில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காடு ஒன்றுள்ளது. அதனூடே ஹொரொனாய் என்னும் சிற்றோடை ஓடுகிறது. ஷிகெரு நகானோ என்னும் இளம் அறிஞர் ஒரு விந்தையான கேள்வியை எழுப்பினார். மரத்திலிருந்து இலை விழுகிறது, சரி. மரத்தில் வாழும் கம்பளிப்பூச்சியும் எறும்பும் வண்டும் காற்றில் தவறி நீரில் விழுகின்றனவே, அவை மீனின் வாழ்வில் எவ்வளவு?

கண்டறிய அவரும் தோழர்களும் ஓடையின் சில பகுதிகளுக்கு வலைக்கூடாரம் அமைத்து, மேலிருந்து பூச்சிகள் விழாமல் தடுத்தனர். 1999-இல் வெளியான அம்முடிவு வியப்பூட்டுவது. மேலிருந்து உணவு வாராததைக் கண்ட டாலி வார்டன் என்னும் மீன், அடித்தளத்துப் பூச்சிகளின்மேல் பாய்ந்தது. கல்லில் படியும் பாசியை மேய்ந்துவந்த அப்பூச்சிகள் குறைந்தன. மேய்வார் இல்லாத பாசி தழைத்தது. ஒரு கம்பளிப்பூச்சி கிளையிலிருந்து விழுவதும் விழாதிருப்பதும் ஓடையின் அடியிலுள்ள கல்லின் நிறத்தையே மாற்றுகின்றது!

பின்னர் நகானோவும் முரகாமி என்பாரும் ஓராண்டு முழுவதற்குமான கணக்கை எழுதினர். மீன்கள் ஆண்டில் பெறும் உணவாற்றலில் நூற்றுக்கு 44 பங்கு, நிலத்திலிருந்து விழும் பூச்சிகளால் வந்தது. கொடுக்கல் ஒருபக்கமாக இல்லை என்பதும் வெளிப்பட்டது. ஓடையில் புழுவாக வளர்ந்து இறகு முளைத்துப் பறந்தெழும் பூச்சிகள், கரைக்காட்டுப் பறவைகளின் ஆண்டு உணவில் சுமார் கால் பங்கை அளித்தன. மரங்கள் இன்னும் துளிர்க்காத இளவேனிலில் காட்டுப் பறவைக்கு உணவு அரிது. அப்போது ஓடை ஊட்டுகிறது. கோடையில் ஓடையில் பூச்சி அருகிவிடும். அப்போது காடு மீனுக்கு ஊட்டுகிறது. அண்டைவீட்டார் முறைவைத்துக் கைமாற்றுக் கொடுத்துக்கொள்வதுபோல் இது நடக்கிறது.

அக்கட்டுரை 2001 சனவரியில் அச்சேறியது. அதனைக் காண நகானோ உயிரோடு இல்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மெக்ஸிகோ நாட்டுக் கலிபோர்னியா வளைகுடாவில், ஆராய்ச்சிக்காகத் தீவு சென்று திரும்பிய படகு புயற்காற்றில் கவிழ்ந்தது. மாண்ட ஐவருள் அவரும் ஒருவர். அவருக்கு வயது நாற்பதுகூட நிறையவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. நிழல் என்றாலே நன்மை, வெயில் என்றாலே தீமை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரிகனின் உயர்ந்த மலைகளில், நீர் எப்படியும் குளிர்ந்தே இருக்கும் ஓடைகளில், மரம் வெட்டப்பட்டு வெயில் விழுந்த பகுதிகளில் டிரவுட் கூடுதலாக இருந்ததையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். வெயிலால் பாசி வளர, பாசியால் பூச்சி வளர, மீனுக்கு விருந்தாயிற்று. ஒரு முதிர்ந்த மரம் தானே சாய்ந்து ஆங்காங்கே திறக்கும் சிறு சாளரம் ஓடைக்கு நல்லதே. சாளரம் வைப்பதும் கூரையைப் பிரிப்பதும் ஒன்றல்ல.

தூய்மை செய்தோரின் பிழை

மரம் உயிரோடு நின்று செய்யும் உதவிகளைக் கண்டோம். விழுந்த பின் அது செய்யும் உதவியே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது.

ஓடையின் குறுக்கே பெருமரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. தண்ணீர் அதன்மேல் வழிந்து கீழே குதிக்கும் இடத்தில் குழி பறித்து மடுவை உண்டாக்குகிறது. மேற்புறத்தில் வேகம் தணிந்து சரளைக்கல் படிகிறது. சால்மன் முட்டையிடுவது அத்தகைய சரளையில்தான். வெள்ளக் காலத்தில் குஞ்சுகள் அடித்துச் செல்லப்படாமல் ஒதுங்க இடம் கிடைக்கிறது. மீன்கொத்தியின் கண்ணிலிருந்து மறைவிடம் கிடைக்கிறது. மேலிருந்து வரும் இலையும் அதில் சிக்கி, கடலுக்குப் போய்விடாமல் பூச்சிகளுக்கு உணவாகத் தங்குகிறது. மரமில்லாத ஓடை, நேராக வெட்டிய வாய்க்காலாகிவிடும்.

ஆனால் மனிதர் கண்ணுக்கு அது குப்பையாகவே தெரிந்தது. ஒரிகனின் வில்லமட் ஆற்றில் படகு செல்ல வழி வேண்டும் என்று 1870-க்கும் 1950-க்கும் இடையே 65,000-க்கு மேற்பட்ட கட்டைகளும் கரைமரங்களும் பிடுங்கி எறியப்பட்டன. மலையோடைகளிலோ, தற்காலிக அணைகட்டி நீரைத் தேக்கி, வெட்டிய மரங்களை ஒரே வெள்ளத்தில் கீழே தள்ளும் வழக்கம் 1950-கள் வரை இருந்தது. அந்த வெள்ளம் சரளையையும் மடுவையும் சுரண்டிச் சென்று பாறையை மட்டும் விட்டுவைத்தது.

இவையெல்லாம் ஆதாயத்துக்காகச் செய்தவை. வருந்தத்தக்கது இதற்குப் பின் நடந்தது. மரம் வெட்டும்போது ஓடையில் சேர்ந்த குப்பைக் குவியல்கள் சால்மன் மீன் மேலேறுவதைத் தடுக்கின்றன என்று மீன்துறையினர் கருதினர். சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. நீடில் பிராஞ்சில் அழுகிய தழை மீனின் மூச்சைப் பறித்ததையும் பின்னாளில் அவர்கள் கண்டனர். ஆகவே 1950-களிலிருந்து 1970-கள் வரை பசிபிக் கரை மாநிலங்களில் ஓடைகளைத் 'தூய்மை' செய்யும் பணி பெருமுயற்சியாக நடைபெற்றது. நேற்று விழுந்த கிளை எது, இருநூறு ஆண்டுகளாக மடுவைக் காத்துவந்த அடிமரம் எது என்று வேறுபாடு பார்க்கவில்லை. இரண்டையும் இழுத்துக் கரையேற்றினர். மீனைக் கெடுக்க வந்தவர்கள் அல்லர் அவர்கள். மீனைக் காக்கச் சம்பளம் பெற்றவர்கள். தம் வேலையை ஊக்கத்தோடு செய்தவர்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறோம் என்று தொட்டிலையும் அள்ளி வெளியே வைத்துவிட்டார்கள். 1980-களில்தான் உண்மை உறைத்தது. எந்தத் துறைகள் மரத்தை எடுக்கச் சொல்லினவோ, அவையே அதைத் திரும்பப் போடச் சொல்லலாயின.

அதற்குள் காலம் கடந்துகொண்டிருந்தது. கோஹோ சால்மன் அருகிப் போனமையால் 1994-இல் ஒரிகன் கடற்பகுதியில் அதனைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. தந்தையும் பாட்டனும் செய்த தொழிலை நம்பிப் படகு வைத்திருந்த குடும்பங்கள் கரையில் நின்றன. 1998-இல் ஒரிகன் கரையோரக் கோஹோ, அழிவை நோக்கிச் செல்லும் உயிரினங்களின் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழி முழுவதையும் கரை மரம் வெட்டியோர்மீது சுமத்துதல் முறையன்று. கடலின் வெப்ப மாறுதல், அளவின்றிப் பிடித்தமை, பொரிப்பகக் குஞ்சுகளை மிகையாக விட்டமை எனப் பல காரணங்கள் சேர்ந்தன. எனினும் கடலில் நல்லாண்டு தீயாண்டு மாறி மாறி வரும். தீயாண்டைத் தாங்கி நிற்க ஓடையில் மடு வேண்டுமே, அது இல்லாமல் போயிருந்தது.

கரைக்குத் திரும்பிய கடன்

மீனும் மரத்துக்குக் கடன்பட்டே இருந்துவிடவில்லை. கடலில் கொழுத்து வந்து ஓடையில் மடியும் சால்மன் உடலைக் கரடிகள் காட்டுக்குள் இழுத்துச் சென்று பாதி தின்று போடுகின்றன. அலாஸ்காவில் ஆராய்ந்த ஹெல்ஃபீல்டு, நைமன் என்போர், சால்மன் முட்டையிடும் ஓடைகளின் கரையிலுள்ள மரஞ்செடிகளின் இலையிலுள்ள நைட்ரஜனில் நூற்றுக்கு 22 முதல் 24 பங்கு அம்மீன்வழியே வந்தது என்று 2001-இல் எழுதினர். அக்கரைகளில் ஸ்புரூஸ் மரங்கள் விரைந்து பருக்கின்றன. பருத்த மரம் ஒருநாள் ஓடையில் சாய்ந்து மீனுக்கு மடு அமைக்கிறது.

ஆல்ஸீ ஆய்வு முடிவதற்கு முன்னரே, 1971-இல், ஒரிகன் மாநிலம் காட்டுத் தொழிலுக்கான சட்டமொன்றை இயற்றியது. அமெரிக்காவில் அவ்வகையில் முன்னோடியான அச்சட்டத்தின்கீழ் வந்த விதிகள், மீன் வாழும் ஓடைகளின் கரையில் மரங்களை விட்டுவைக்கக் கூறின. தொடக்கத்தில் விடச்சொன்ன அகலம் குறைவுதான். 1994-இல் நடுவணரசின் காடுகளுக்கென வகுக்கப்பட்ட திட்டம், மீனுள்ள ஓடையின் ஒவ்வொரு கரையிலும் 300 அடி அல்லது இரண்டு முதிர்ந்த மரங்களின் உயரம், இவற்றில் எது மிகுதியோ அதுவரை காப்பு வேண்டும் என்றது. தனியார் நிலங்களில் விதி இதனினும் தளர்வானது. எவ்வளவு அகலம் போதும் என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஓரடி கூட்டினால் மரத்துக்குரியவர் ஓரடி நிலத்தின் வருவாயை இழக்கிறார். அவருக்கும் குடும்பம் உண்டு.

நீடில் பிராஞ்சின் கதையையும் முடித்துவிடுவோம். 1966-இல் மொட்டையான அம்மலையில் மீண்டும் காடு வளர்ந்தது. அறிஞர்கள் 2006-இல் பழைய அளவுக்கருவிகளின் இடத்துக்கே திரும்பிவந்து மூன்று ஓடைகளையும் மறுபடி அளக்கத் தொடங்கினர். 2009-இல் நீடில் பிராஞ்சின் மேற்பகுதிக் காடு இரண்டாம் முறை வெட்டப்பட்டது. இம்முறை விதிப்படி கரையில் மரவரிசையை விட்டு வெட்டினர். முன்பு கண்ட வெப்ப ஏற்றம் ஏற்படவில்லை. கட்த்ரோட் டிரவுட்டும் குறையவில்லை.

நிழல் நாற்பதாண்டில் திரும்பிவிட்டது. விழுந்த மரம் அவ்வாறு திரும்பவில்லை. ஓடையில் நிலைத்துக் கிடந்து மடு தோண்டும் அளவுக்கு ஒரு டக்ளஸ் ஃபர் பருத்து, முதிர்ந்து, தானே சாய நூறாண்டும் ஆகலாம், இருநூறாண்டும் ஆகலாம். அதுவரை மீன் காத்திருக்குமா? ஆகவே இன்று ஒரிகனின் மலைகளில், கோடைக்காலத்தில் நீர் குறைந்திருக்கும் வாரங்களில், எங்கிருந்தோ வெட்டிய அடிமரங்களை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிவந்து, மீன்துறையினர் காட்டும் இடம் பார்த்து ஓடைக்குள் ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிறார்கள்.